மழையிலும் பனியிலும் மோட்டாரும் மாடும் மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஐப்பசி மழை இறங்கியதிலிருந்து தை முடியும் வரை சின்னப் பண்ணையில் வருகிற தொல்லைகளில் பாதிக்கு மேல் ஈரத்தால் வருபவை. ஸ்டார்ட்டர் பெட்டியில் ஈரம், மோட்டார் காயிலில் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பியில்) ஈரம், கொட்டகைத் தரையில் ஈரம், வைக்கோலில் ஈரம். அதனால் எந்த அறிகுறியை எடுத்தாலும் காசு செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்கியிருக்கிறேன். எது நனைந்திருக்கிறது, காய்ந்தால் சரியாகுமா என்று பார்த்துவிட்டு அப்புறம் பணத்தை எடுக்கலாம்.

எங்கள் நிலம் நெல்லிக்குப்பம் பக்கம், கெடிலம் ஆற்றுக்கும் தென்பெண்ணை ஆற்றுக்கும் நடுவே. கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் நெல், கறவை மாடுகள், வாசலில் நாட்டுக்கோழி. வேலையைப் பிரித்துக்கொண்டுதான் செய்கிறோம். மோட்டார் வீட்டுக்காரர் பொறுப்பு, கறவை என் பொறுப்பு, கன்றுக்குட்டி மாமியார் பொறுப்பு, பள்ளிக்கூடம் போகுமுன் கொட்டகையில் ஒரு சுற்று பெரியவள் பொறுப்பு. பால் சொசைட்டிக்குப் போகிற அவசரத்தில், "டாக்டரைக் கூப்பிடலாமா, பொழுது விடியட்டுமா" என்று நாலு பேரும் நாலு விதமாகப் பேசினால் நேரம்தான் போகும். அதனால் எந்த இடத்தில் நம் கையை எடுத்துவிட வேண்டும் என்பதை ஒவ்வொரு அறிகுறிக்கும் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறோம். அந்த எல்லையைத்தான் இதில் முக்கியமாகப் பாருங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: டெஸ்டர், காய்ந்த ரப்பர் செருப்பு, நிற்க ஒரு மரப்பலகை, டார்ச், மாட்டுக்கென்று தனியாக ஒரு தெர்மாமீட்டர், கறுப்புத் துணி ஒரு முழம். கொட்டகைச் சுவரில் பெரிதாக எழுதி வைக்க வேண்டிய எண்கள்: கால்நடை ஆம்புலன்சுக்கு 1962, மின்தடைப் புகாருக்கு மின்னகம் 94987 94987. இவை தமிழ்நாட்டுக்கு. புதுச்சேரியில் பாகூர், வில்லியனூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு குரும்பாபேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அங்கே மாட்டைக் காட்டலாம்.

## மோட்டார்: பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை

முதலில் மூன்று பேஸும் (மூன்று கரண்டு லைனும்) இருக்கிறதா என்று பேனலில் உள்ள மூன்று விளக்குகளைப் பாருங்கள். ஒன்று அணைந்திருந்தாலோ மங்கலாக இருந்தாலோ பக்கத்து நிலத்து மோட்டார் ஓடுகிறதா என்று ஒரு குரல் கொடுத்துக் கேளுங்கள்.

அவர்களுக்கும் ஓடவில்லை என்றால் கோளாறு லைனில். புகார் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். இரண்டு பேஸ் மட்டும் வரும் நேரத்தில் கண்டென்சர் போட்டு ஓட்டுகிற பழக்கம் நம் பக்கம் பலரிடம் இருக்கிறது. ஈரக் காயிலோடு அப்படி ஓட்டினால் மோட்டார் எரிவதற்கு வழி செய்து கொடுத்த மாதிரி. மழைக்காலத்தில் நீர் பாய்ச்ச அவ்வளவு அவசரம் கிடையாது. விட்டுவிடுங்கள்.

அவர்களுக்கு ஓடுகிறது, நமக்கு மட்டும் இல்லை என்றால் மெயினை இறக்கிவிட்டு பியூஸ் கட்டைகளைப் பிடுங்கிப் பாருங்கள். கம்பி உருகியிருந்தால் அதே கனத்தில் புதுக்கம்பி போடுங்கள். வயரிலிருந்து உரித்த செம்புக் கம்பியை முறுக்கிப் போட்டால் அடுத்த முறை பியூசுக்குப் பதில் மோட்டார் போகும்.

பியூஸ் நன்றாக இருந்தால், கரண்டு அதிகமாக இழுத்தால் மோட்டாரை நிறுத்திவிடும் ஓவர்லோடு ரிலே தட்டியிருக்கலாம். சிவப்புப் பட்டனை ஒரு முறை அழுத்தி ரீசெட் செய்து ஓட்டிப் பாருங்கள். ஒரு முறைதான். மறுபடி தட்டினால் அது காரணத்தோடுதான் தட்டுகிறது. அடுத்த தலைப்புக்குப் போங்கள். ரிலேயின் ஆம்பியர் திருகைக் கூட்டி வைத்து ஓட்டாதீர்கள். 5 எச்.பி. மோட்டார் முழுச் சுமையில் ஏழரை ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். பேனல் மீட்டரில் முள் வழக்கமாக எங்கே நிற்கும் என்று நன்றாக ஓடுகிற நாளில் பார்த்து, பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். பிறகு முள் கோட்டைத் தாண்டினாலே தெரிந்துவிடும்.

ரிலேயும் சரி என்றால் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்க வேண்டும். மெயினை இறக்கி, பியூஸ் கட்டைகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, டெஸ்டரால் சோதித்த பிறகு திறங்கள். கார்த்திகை, மார்கழியில் பெட்டிக்குள் இருக்கும் சூட்டுக்குப் பல்லி குடிவந்துவிடும். காண்டாக்டரின் (மோட்டாருக்குக் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சின்) இரண்டு முனைகளுக்கு நடுவில் நசுங்கிக் கருகிய பல்லிதான் எங்கள் பெட்டியில் அடிக்கடி கிடைக்கும் காரணம். அடுத்து எறும்புப் புற்று. பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, முனைகளைக் காய்ந்த துணியால் துடைத்து மூடுங்கள். வயர் நுழைகிற ஓட்டைகளை எம்-சீலோ களிமண்ணோ வைத்து அடைத்தால் தை வரைக்கும் தொல்லை இல்லை.

இத்தனையும் பார்த்தும் சத்தம் இல்லை, அல்லது பெட்டிக்குள் கருகல் வாடை அடிக்கிறது என்றால் ஸ்டார்ட்டரைப் பிடித்து வைக்கும் நோ-வோல்ட் காயில் போயிருக்கும். வயர்மேனைக் கூப்பிடுங்கள். அவருக்கு அது சின்ன வேலை.

## மோட்டார்: உறுமுகிறது, சுற்றவில்லை, அல்லது உடனே தட்டுகிறது

உறுமல் கேட்டதும் நிறுத்துங்கள். நின்றபடி உறுமுகிற ஒவ்வொரு விநாடியும் காயில் சூடேறுகிறது.

ஒரு பேஸ் வராமல் இருப்பது முதல் காரணம். மேலே சொன்ன விளக்கு, பியூஸ் சோதனை. அடுத்தது துரு. மழை தொடங்கி வாரக்கணக்கில் ஓட்டாத மோனோபிளாக்கில் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருப்பதில்) தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் சக்கரம் துருவேறிப் பிடித்துக்கொள்ளும். மெயினை இறக்கிவிட்டு, பின்பக்க விசிறி மூடியைக் கழற்றி விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் தண்டில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு அரை மணி கழித்து இரண்டு பக்கமும் அசையுங்கள். விட்டுக்கொடுத்தால் சரி. சுத்தியலை எடுக்க வேண்டாம். இதற்கு மாற்று மருந்து, மழை நாளிலும் வாரம் ஒரு தடவை சில நிமிடம் மோட்டாரை ஓட்டி வைப்பது.

தாராளமாகச் சுற்றுகிறது, ஆனால் போட்டதும் தட்டுகிறது என்றால் காயிலில் ஈரம். வயர்மேன் மெக்கர் (கரண்டு கசிகிறதா என்று காட்டும் மீட்டர்) வைத்துப் பார்ப்பார். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் ஓட்டக்கூடாது. மூடியைத் திறந்து வைத்து, மோட்டார் அறையில் குண்டு பல்பை எரியவிட்டு, சுற்றிலும் சாக்கைத் தொங்கவிட்டு ஒரு நாள் காயவைப்போம். சாக்கு பல்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம் மறுபடி மெக்கர். பல சமயம் இதிலேயே பிழைத்துவிடும். ரீவைண்டிங் கடைசி.

நீர்மூழ்கி மோட்டார் என்றால் வெளியே எடுத்தால்தான் தெரியும். பெரும்பாலும் உள்ளே கேபிள் ஜாயிண்டில் தண்ணீர் இறங்கியிருக்கும். குழாய் தூக்குகிற ஆட்களை அழைப்பதற்கு முன், மேலே இருக்கும் பேனலை ஒரு முறை முழுக்கச் சோதிக்கச் சொல்லுங்கள். தூக்கும் கூலியே பெரிது.

மோட்டார் தண்ணீரில் மூழ்கியிருந்தால் வேறு சோதனை எதுவும் வேண்டாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்த பிறகு தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தை இந்தப் பக்கத்து ஆட்கள் மறக்க மாட்டார்கள். அப்படி மூழ்கிய மோட்டாரை "ஒரு தடவை போட்டுத்தான் பார்ப்போமே" என்று போட்டால் காயவைத்துப் பிழைக்கக்கூடியதும் எரிந்துவிடும். கழற்றி நேராக ரீவைண்டிங் கடைக்கு. கிணற்றுத் திண்ணையில் மோட்டார் வைத்திருப்பவர்கள் புரட்டாசியிலேயே மேலே ஏற்றிவிடுங்கள்.

## மோட்டார்: ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை

பிரைமிங், அதாவது பம்புக்குள் நிரம்பி நிற்க வேண்டிய தண்ணீர், இறங்கியிருக்கும். புனலில் தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள். ஊற்ற ஊற்ற இறங்கிக்கொண்டே போனால் குழாயின் அடிமுனையில் இருக்கும் புட் வால்வில் தழையோ மட்டையோ சிக்கியிருக்கிறது. மழைக்குப் பிறகு திறந்த கிணற்றில் இது சகஜம். நிரம்பி நிற்கிறது, ஆனாலும் தண்ணீர் விட்டு விட்டுத்தான் வருகிறது என்றால் சக்ஷன் (தண்ணீர் இழுக்கும்) குழாயின் இணைப்பில் காற்று இழுக்கிறது. ஓடும்போது இணைப்பின் மேல் சோப்பு நுரையைத் தடவுங்கள். நுரை உள்ளே இழுபடுகிற இடம்தான் ஓட்டை.

இது எதுவும் இல்லை என்றால் மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். புயலுக்குப் பிறகு கம்பம் நட்டு லைன் இழுக்கும்போது பேஸ் வரிசை மாறிவிடுவது உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் அடித்த பிறகு கடலூர் மாவட்டத்தில் ஊர் ஊராகக் கம்பம் நட்டார்கள். அப்படி லைன் புதுப்பித்த பிறகு கரண்டு வந்து, மோட்டார் நல்ல சத்தத்தோடு ஓடியும் குழாயில் நூலாகத் தண்ணீர் வந்தால் முதல் சந்தேகம் இதுதான். பம்பின் மேல் அம்புக்குறி இருக்கும். நிறுத்தும்போது விசிறி எந்தப் பக்கம் சுற்றி நிற்கிறது என்று ஒத்துப் பாருங்கள். எதிர்ப்பக்கம் என்றால் வயர்மேன் இரண்டு பேஸ் வயரை இடம் மாற்றிப் போட்டால் முடிந்தது. இது தெரியாமல் பம்பையே பிரித்துப் புது இம்பெல்லருக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

## குழாயைத் தொட்டால், சுவரைத் தொட்டால் சுருக்கென்கிறது

இதில் படிப்படியான சோதனை எதுவும் கிடையாது. தொட்ட கையை எடுங்கள், பிள்ளைகளையும் மாட்டையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். காய்ந்த பலகையில் நின்று மெயினை இறக்க முடிந்தால் இறக்குங்கள். மெயின் சுவிட்சே நனைந்திருந்தால் அதையும் தொடாமல் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். மின்கம்பத்தை இழுத்துக் கட்டியிருக்கும் ஸ்டே கம்பியில் மாட்டைக் கட்டுகிற பழக்கத்தை அடியோடு விடுங்கள். வீட்டுப் பக்கமும் கொட்டகைப் பக்கமும் கரண்டு கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் போட்டுக்கொள்வது நல்லது. இந்தப் பட்டியலிலேயே நான் யோசிக்காமல் செய்யச் சொல்லும் செலவு அது.

## மாடு: பால் திடீரென்று குறைந்துவிட்டது

எல்லா மாட்டிலும் குறைந்ததா, ஒன்றில் மட்டுமா? இதைக் கேட்காமல் மருந்து தேடக்கூடாது.

எல்லா மாட்டிலும் என்றால் காரணம் கொட்டகையிலோ தீவனத்திலோ இருக்கிறது. தரையைப் பாருங்கள். படுக்க இடமில்லாமல் சேறாக இருந்தால் மாடு ராத்திரி முழுக்க நின்றுகொண்டே இருக்கும், அசை போடாது. சாணத்தை வழித்து, சாம்பலோ மணலோ தூவுங்கள். காற்றைப் பாருங்கள். நமக்கு வாடைக்காற்று வடக்கிலும் கிழக்கிலும் இருந்து வரும்; சாக்குப் படுதாவை அந்த இரண்டு பக்கம் மட்டும் கட்டி, தெற்கும் மேற்கும் திறந்திருக்கட்டும். நாலு பக்கமும் மூடினால் உள்ளே கோமிய வாடை நின்று இருமல் வரும். கொசுவுக்கு நொச்சித் தழையும் வேப்பந்தழையும் போட்டுப் புகை மூட்டலாம், மாலையில் கொஞ்ச நேரம். கன்று கட்டியிருக்கும் மூலையில் புகை தேங்கக்கூடாது.

அப்புறம் தண்ணீர். விடியற்காலைத் தொட்டித் தண்ணீர் சில்லென்று இருந்தால் மாடு வாயை வைத்துவிட்டு எடுத்துவிடும். கறவை மாட்டுக்கு ஒரு நாளைக்கு 50, 60 லிட்டர் தேவை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு பிடி தவிடும் உப்பும் போட்டு வையுங்கள். குடித்தால் மாலைக் கறவையிலேயே வித்தியாசம் தெரியும்.

பால் அளவு சரியாக இருக்கிறது, சொசைட்டியில் டிகிரியும் (பால்மானி அளவும்) கொழுப்பும் குறைகிறது என்றால் ஈரப்புல்தான். மழையில் கிளம்பிய இளம்புல் முழுக்கத் தண்ணீர். காலையில் பனியோடு அறுத்துப் போடாமல், வெயில் ஏறிய பிறகு அறுத்து வாடவைத்துப் போடுங்கள். அதற்கு முன்னால் காய்ந்த வைக்கோல் ஒரு கட்டு தின்னட்டும். போரின் நனைந்த பக்கத்திலிருந்து உருவின வைக்கோலில் கறுப்போ வெள்ளையோ பூசணம் தெரிந்தால் எருக்குழிக்குத்தான் போக வேண்டும். "உதறிப் போட்டால் தின்னும்" என்று என் மாமியார் சொல்வார். தின்னும்தான், ஆனால் சினை மாட்டுக்குப் பூசண வைக்கோல் கொடுக்க எனக்கு மனம் வராது. ஆலை அரவை நடக்கும்போது கரும்புக் கொழுந்தாடை (கரும்பின் நுனித் தழை) தாராளமாகக் கிடைக்கும். அதையே முழுத் தீவனமாக்காமல் பாதி வைக்கோலும் தாது உப்பும் சேருங்கள்.

ஒரு மாட்டில் மட்டும் என்றால் முதலில் பருவத்துக்கு வந்திருக்கிறதா பாருங்கள்: கத்தல், கண்ணாடி மாதிரிச் சளி. அடுத்து, கறக்கிற ஆள் மாறினாரா? கை சில்லென்று இருந்ததா? மாடு பாலை எக்கிக்கொள்ளும். கையை வெந்நீரில் நனைத்துத் துடைத்துவிட்டு மடியைத் தடவிக் கொடுத்து, சுரப்பு விட்டதும் ஐந்து, ஏழு நிமிடத்துக்குள் கறந்து முடியுங்கள். இதற்கும் சரியாகவில்லை என்றால் தெர்மாமீட்டர். 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் சாதாரணம். 103.5-க்கு மேல் போனால் கைவைத்தியம் வேண்டாம், டாக்டர்.

## மாடு: பாலில் திரி, அல்லது ஒரு காம்பு மட்டும் சூடு

மடிநோய். திரி என்பது பாலில் தெரியும் சின்னக் கட்டிகள். சேறும் ஈரமும் சேர்ந்த மாதங்களில் எங்கள் வீட்டில் பணம் அதிகம் கரைவது இதில்தான். நாலு காம்பிலும் முதல் இரண்டு பீச்சலை கறுப்புத் துணியில் விடுவது பெரியவளின் வேலை. சீருடை நனையாமல் தாவணியை மேலே சுற்றிக்கொண்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு குனிந்து பார்ப்பாள். "அம்மா, பின் வலது காம்புல திரி இருக்கு" என்று அவள் சொன்னால் அந்த மாட்டைக் கடைசியில்தான் கறப்பேன், அந்தக் காம்பை எல்லாவற்றுக்கும் கடைசியில்.

திரி தெரியவில்லை, ஆனால் சந்தேகமாக இருக்கிறது என்றால் 100 மில்லி தண்ணீரில் 3 கிராம் துணி சோப்புத்தூள் கரைத்து, ஒவ்வொரு காம்புப் பாலையும் தனித்தனி டம்ளரில் அதே அளவு கரைசலோடு கலந்து சுற்றுங்கள். கொழகொழவென்று கெட்டியானால் அந்தக் காம்பில் நோய் தொடங்கிவிட்டது. சொசைட்டிக்குப் போகிற பாத்திரத்தில் அந்தப் பால் சேரக்கூடாது.

மடி மெத்தென்று இருந்து, காய்ச்சல் இல்லாமல், மாடு தீவனம் எடுத்தால் மூலிகைப் பூச்சை உடனே தொடங்கலாம். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம், மூன்றையும் அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் பாலை முழுக்கப் பீச்சி எடுத்து, மடியைக் கழுவி, ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் நெகிழக் கரைத்து மடி முழுவதும் தடவ வேண்டும். நாளுக்கு எட்டு, பத்து முறை, ஐந்து நாள். காலையும் மாலையும் மட்டும் தடவிவிட்டு கேட்கவில்லை என்று சொல்பவர்கள் அதிகம். இந்த வைத்தியத்தில் தடவுகிற எண்ணிக்கைதான் வேலை செய்கிறது. அதனால் வீட்டில் இருக்கிற ஆளெல்லாம் முறை போட்டுத்தான் தடவ முடியும்.

டாக்டரை அன்றைக்கே கூப்பிட வேண்டிய இடம்: மடி கல்லாக இறுகினால், காய்ச்சல் இருந்தால், பால் நீர்த்து மஞ்சளாகவோ ரத்தம் கலந்தோ வந்தால், இரண்டு நாள் பூசியும் திரி குறையவில்லை என்றால். மடி சில்லிட்டு நீலம் பாய்ந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். ஊசி போட்ட பிறகு எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று கேட்டு எழுதி வையுங்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்தப் பால் வேண்டாம்.

திரும்ப வராமல் இருக்க நாங்கள் விடாமல் செய்வது: கறந்து முடித்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்கி, கவணையில் (தீவனத் தொட்டியில்) தீவனம் போட்டு அரை மணி நேரம் மாட்டை நிற்க வைப்பது. கறந்தவுடன் காம்புத் துளை திறந்தே இருக்கும். அந்த நேரத்தில் சேற்றில் படுத்தால் நோய்க்கு வழி திறந்து கிடக்கிறது.

## மாடு: தீவனம் எடுக்கவில்லை, வயிறு கல் மாதிரி இருக்கிறது

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கால்நடை மருந்தகத்தில் போய்ப் பாருங்கள், இந்தக் கேஸ்தான் வரிசையில் நிற்கும். அலங்கரித்த மாட்டுக்கு ஆளாளுக்குப் பாசத்தோடு பொங்கலும் சோறும் பழமும் ஊட்டுகிறார்கள். அரிசி வயிற்றுக்குள் புளித்து அமிலமாகிறது. மாடு அசை போடாது, சாணம் தளர்ந்து புளிப்பு வாடை அடிக்கும், தள்ளாடும்.

என்ன தின்றது, எவ்வளவு என்று வீட்டில் ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கூட்டுங்கள். "நான் ஒரு உருண்டைதான் கொடுத்தேன்" என்று எல்லாரும் சொல்வார்கள். கொஞ்சம்தான் தின்றிருக்கிறது, அசை போடுகிறது என்றால் தவிடு, புண்ணாக்கு, கஞ்சி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் காய்ந்த வைக்கோலும் தண்ணீரும் மட்டும் வையுங்கள். டாக்டருக்குப் போன் செய்து, சமையல் சோடா எவ்வளவு கரைத்துக் கொடுக்கலாம் என்று மாட்டின் எடையைச் சொல்லிக் கேளுங்கள். அசை நின்று பல மணி நேரம் ஆகிவிட்டது, படுத்துவிட்டது என்றால் 1962. குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கும். பண்டிகைக்கு எங்கள் வீட்டில் இப்போது ஒரு ஆள்தான் ஊட்டுகிறார், வாழை இலையில் ஒரு கைப்பிடி. மற்றவர்கள் கரும்புத் தோகையும் அகத்திக்கீரையும் கொடுக்கிறார்கள்.

இடது பக்க வயிறு மேளமாக உப்பி, தட்டினால் சத்தம் வந்து, மூச்சு இரைத்தால் அது உப்புசம். ஈரமான இளம்புல்லை அவசரமாக மேய்ந்தால் வரும். முன்னங்கால் மேட்டில் இருக்கும்படி நிறுத்துங்கள், படுக்க விடாதீர்கள், வாயில் குறுக்காக ஒரு வேப்பங்குச்சியைக் கட்டிவிடுங்கள், ஏப்பம் வெளியேறும். அடங்காமல் இரைப்பு கூடினால் டாக்டர் வந்து வயிற்றில் துளை போட்டுக் காற்றை எடுக்க வேண்டும். அதை வீட்டில் யாரும் செய்யக்கூடாது.

## மாடு: நொண்டுகிறது அல்லது எழவில்லை

வாயைத் திறந்து பார்த்துவிட்டுப் பிறகு காலைப் பாருங்கள். நாக்கிலும் குளம்புப் பிளவிலும் கொப்புளம், எச்சில் நூலாக ஒழுகல் என்றால் கோமாரி. மாட்டைத் தனியாகக் கட்டி, பொதுக்குளத்துக்கு ஓட்டாமல், அன்றே மருந்தகத்தில் சொல்லுங்கள். மற்ற வீட்டு மாடுகளுக்காகவும்தான்.

வாய் சுத்தம், கடும் காய்ச்சல், இன்றைக்கு ஒரு கால் நாளைக்கு இன்னொரு கால் என்று நொண்டல் மாறினால் மூன்று நாள் காய்ச்சலாக இருக்கலாம். அந்த நேரத்தில் மாட்டுக்கு விழுங்குவது சிரமம். மூங்கில் கொட்டத்தில் (மருந்து புகட்டும் குழாயில்) எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். டாக்டர் வந்து ஊசி போடட்டும். படுத்தே கிடந்தால் சில மணிக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள்.

காய்ச்சல் இல்லை, ஒரு குளம்பில் மட்டும் நாற்றமும் வெடிப்பும் என்றால் சேற்றுப்புண். கழுவி, காயவைத்து, காய்ந்த இடத்தில் கட்டுவதிலேயே பாதி குணம்.

கன்று ஈன்ற இரண்டு மூன்று நாளுக்குள் எழ முடியாமல் காது சில்லிட்டு, கழுத்தைப் பக்கவாட்டில் மடக்கிப் படுத்திருந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. வேறு எதையும் யோசிக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். நரம்பில் கால்சியம் ஏறியதும் பல மாடுகள் கண்முன்னே எழுந்துவிடும், தாமதித்தால் இறந்துவிடும்.

## கன்று: கழிகிறது

படுக்கையில் முழங்காலை ஊன்றி அரை நிமிடம் இருங்கள். புடவை நனைந்தால் கன்று ராத்திரி முழுக்க அந்த ஈரத்தில்தான் படுத்திருக்கிறது. காய்ந்த வைக்கோலைக் கனமாகப் பரப்புங்கள். பாலை அளந்து பாருங்கள். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்குதான் ஒரு நாளைக்கு. 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர், அதையும் பிரித்து, பால் சூடு ஆறுமுன். சின்னவன் ஆசையாகக் கூடுதலாக விட்டிருக்கிறானா என்றும் கேளுங்கள்.

கழிந்தாலும் துள்ளிக்கொண்டு இருந்தால் பாலைக் கொஞ்சம் குறைத்து, நடுவில் மருந்தகத்துத் தாது உப்புக் கரைசலோ வீட்டில் இருக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலோ வெதுவெதுப்பாகக் கொடுங்கள். குடற்புழு மருந்து கொடுத்த தேதியைப் பாருங்கள். கொடுக்கவே இல்லை என்றால் டாக்டரிடம் கேட்டுக் கொடுக்க வேண்டும்.

கழுத்துத் தோலைக் கிள்ளி விடுங்கள். உடனே படிந்துவிட்டால் தாக்குப்பிடிக்கும். மேடாக நின்று மெதுவாக இறங்கினால் உடம்பில் நீர் வற்றிவிட்டது. விரலை வாய்க்குள் விட்டுப் பாருங்கள். சூடாக இருந்து சப்பினால் பயமில்லை. வாய் சில்லிட்டு, விரலைச் சப்பவில்லை என்றால் வாய் வழியாக எதைக் கொடுத்தும் பயனில்லை. சாக்கைச் சுற்றிச் சூடுபடுத்திக்கொண்டே டாக்டரை வரவழையுங்கள். கழிச்சலில் ரத்தம் தெரிந்தாலும் அப்படித்தான்.

## கோழி: தூங்கி வழிகிறது, முட்டை நின்றுவிட்டது

வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து கழுத்து திருகினால் வெள்ளைக்கழிச்சல். வந்த பிறகு மருந்து கிடையாது. நோவு கண்டதைத் தனியாக வையுங்கள், இறந்ததைச் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதையுங்கள், மருந்தகத்தில் சொல்லுங்கள். தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். சின்னக் குஞ்சுகள் ரத்தமாகக் கழிந்தால் ஈரக் கூண்டு காரணம்; கூளத்தை மாற்றி, தண்ணீரில் கலக்கும் மருந்தை டாக்டரிடம் வாங்குங்கள். கொண்டையில் மரு மாதிரிப் பொருக்கு இருந்தால் அம்மை. கொசுதான் பரப்புகிறது, கூண்டுக்கு வலை அடியுங்கள்.

கோழி திடமாக இருந்து முட்டை மட்டும் குறைந்தால் பகல் குறைந்ததுதான் காரணம். மார்கழியில் நமக்குப் பகல் பதினொன்றரை மணி நேரத்துக்கும் கீழே போகிறது. விடியுமுன் இரண்டு மணி நேரம் கூண்டில் ஒரு சின்ன விளக்கு போட்டால் கொஞ்சம் கூடும். அதற்கும் அசையவில்லை என்றால் ராத்திரியில் டார்ச்சோடு போய், கோழி உட்காரும் கழியின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் சிவப்புப் புள்ளிகள் ஒட்டினால் ரத்தம் குடிக்கும் சிவப்பு உண்ணி. கழியை எடுத்து வெயிலில் போட்டு, இடுக்குகளில் வெந்நீர் ஊற்றி, சுண்ணாம்பு அடித்த பிறகுதான் கோழிகளை அதில் ஏற்ற வேண்டும்.